இருபத்தொன்றாம் நாள்

ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் விண்வெளிச் சண்டை கற்றுக்கொடுக்கிற ஒருத்தி இருந்தாள். நிஜச் சண்டை இல்லை, திரையில் ஆடுவது. ஆளுக்கொரு முறையாகக் கப்பல்களை நகர்த்த வேண்டும். இவன் நகர்த்திவிட்டு 'முடிந்தது' என்று தட்டினால்தான் அவன் நகர்த்தலாம். எதிராளியின் தலைநகரை முதலில் பிடிப்பவனுக்கு வெற்றி. அவள் பெயர் மங்கையர்க்கரசி, வயது முப்பத்தொன்று. சீடர்களுக்கு அவள் டீச்சர்.

அவளிடம் ஒரு கட்டளை உண்டு. எந்த ஆட்டத்தையும் முடிப்பதற்கு முன்னால், அதில் கண்ட நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை மறுபக்கமும் எழுதிக்கொண்டு வந்து தர வேண்டும். தராமல் முடித்தவர்கள் அப்புறம் மாடிப்படி ஏறியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தவசியப்பன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மணி அடித்த ஒரு நிமிஷத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டியாக வேண்டும் என்று பழகிப்போன உடம்பு அது. தாளை மேஜையில் அறைந்தார்.

"இந்தாங்க. எழுதியாச்சு. இப்ப முடிச்சுக்கலாமா?"

டீச்சர் எடுத்து வாசித்தாள். கெட்டது பக்கத்தில் எழுத்து விளிம்பு வரைக்கும் போயிருந்தது. ஒரு கப்பலை நகர்த்த ஒன்பது தடவை தட்ட வேண்டியிருக்கிறது. சண்டையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, வெறும் எண்தான் வருகிறது. ஒரு ஆட்டம் வருஷக்கணக்கில் இழுக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே பேனா கிழிகிற மாதிரி ஒரு வரி: எதிராளி உட்கார வைத்தால் உட்கார்ந்தே கிடக்க வேண்டியதுதான்.

தாளைத் திருப்பினாள். வெள்ளையாக இருந்தது.

"நல்லது?"

"என்ன நல்லது இருக்கு இதுல? நீங்களே சொல்லுங்க. இருபத்தோரு நாள் டீச்சர்! இருபத்தோரு நாளா அவன் முறையைத் தட்டாம வச்சிருக்கான்."

அவன் என்றது தம்பி சோலையப்பனை. மஸ்கட்டில் இருக்கிறான். அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருஷம் ஆகிறது. அப்பா இறந்த அன்று, "நான் வர்ற வரைக்கும் எடுத்துராதீங்கண்ணே" என்று விமான நிலையத்திலிருந்து தம்பி கெஞ்சியிருந்தான். அண்ணன் எடுத்துவிட்டார். வந்தவன் சுடுகாட்டில் எரிவதைத்தான் பார்த்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

ஆறு வருஷம் கழித்து இந்த ஆட்டத்துக்கு ஒரு அழைப்பு வந்தது, சோலையப்பன் பெயரில். கூட ஒரு வார்த்தை இல்லை. தவசியப்பனும் ஒரு வார்த்தை அனுப்பவில்லை. ஆடத் தெரியாதே என்று இந்த மாடிப்படி ஏறினார். இரண்டு வருஷமாக முறை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"இருபது நாள் ஆடாம இருந்தா 'வெற்றி எனக்கே'ன்னு ஒரு பொத்தான் வரும்னு சொன்னீங்க. நேத்து வந்துருச்சு. தட்டிட்டு நான் பாட்டுக்குத் தூங்குவேன்."

"தட்டலாம். அதுக்கு முன்னாடி எதிர் நாற்காலியில உட்காருங்க."

"எதுக்கு?"

"உட்காருங்கன்னா உட்காருங்க."

உட்கார்ந்தார். கீழே கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த இரும்புக் குண்டுகளை அவள் மேஜையில் கொட்டினாள். சைக்கிள் சக்கரத்துக்குள் போடுகிற சின்னக் குண்டுகள்.

"இதெல்லாம் உங்க கப்பல். எங்க நிக்குது?"

"அவன் தலைநகரைச் சுத்தி. அடுத்த முறை எனக்கு வந்தா அவன் கதை முடிஞ்சுது."

அவள் குண்டுகளை ஒரு டம்ளரைச் சுற்றி அடுக்கினாள். "உங்க தலைநகருக்குக் காவல்?"

"எல்லாத்தையும் அனுப்பிட்டேன். தீ ஒரு இடத்துல எரியும்போது வண்டியை ஷெட்டுலயா நிறுத்தி வைப்பாங்க?"

"அங்க அவர் கப்பல் எதுவும் இல்லையா?"

"மூணு இருக்கு. என் தலைநகருக்குப் பக்கத்துலயே ஒளிஞ்சு கிடக்கு. பயந்தாங்கொள்ளி."

இன்னொரு டம்ளரை வைத்து, அதை ஒட்டி மூன்று குண்டுகளை வைத்தாள்.

"இப்ப நீங்க தவசியப்பன் இல்ல, சோலையப்பன். உங்க முறை. ஆடுங்க."

"நான் எதுக்கு அவனுக்கு ஆடணும்?" என்று சீறினார். ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை. ஒரு குண்டைத் தொட்டது. நகர்த்தினால் டம்ளர்தான். நடுவில் ஒன்றுமே இல்லை.

தவசியப்பனின் முகம் மாறியது.

"இதென்ன... அவன் ஜெயிச்சிடுவானே!"

"ஆமா. ஜெயிச்சா?"

"ஆட்டம் முடிஞ்சுது."

"சரி, அது வேண்டாம். வேற ஆடுங்க."

கப்பல்களைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார். எதைச் செய்தாலும் அடுத்த முறை அண்ணனுடையது. அண்ணன் தம்பியின் தலைநகரைப் பிடித்துவிடுவார்.

"முடிஞ்சுது," என்றார். இந்தத் தடவை குரல் சின்னதாக வந்தது.

"ஆட்டம் முடியாம இருக்கணும்னா அவர் என்ன செய்யணும்?"

தவசியப்பன் குண்டுகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததனாலேயே கோபம் இன்னும் மூண்டது. மேஜையில் குத்தினார். குண்டுகள் நாலாபக்கமும் உருண்டன.

"அப்படின்னா ஒரு வார்த்தை போட்டுச் சொல்ல வேண்டியதுதானே? ஆட்டத்துலயே எழுத இடம் இருக்குல்ல? வாய்தான் இல்ல, கையுமா இல்ல அவனுக்கு?"

"உங்களுக்கு இருக்கா?"

"நான் மூத்தவன்!"

"சரி."

"என்ன சரி? நக்கலா? உங்களுக்கென்ன, கால் மேல கால் போட்டுக்கிட்டுக் கேள்வி கேப்பீங்க. தினமும் விடிஞ்சதும் திரையைத் திறந்து திறந்து பாக்கறவன் நானு. உசுரோட இருக்கானா இல்லையான்னுகூடத் தெரியாம... ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் காத்துக்கிட்டு இருப்பான்?"

டீச்சர் குனிந்து தரையில் கிடந்த குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நிமிர்ந்தாள்.

"அப்பாவை அன்னைக்கு எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன..."

"எத்தனை மணிக்கு?"

"மூணரைக்கு. பொழுது சாயுதுன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. நான் மட்டும் என்ன பண்றது? எடுன்னு சொல்லிட்டேன்."

"தம்பி எத்தனை மணிக்கு வந்தார்?"

தவசியப்பன் டம்ளரைத் தள்ளி வைத்தார். கீழே கடையில் யாரோ ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள். அது கிறுகிறுவென்று சுற்றி ஓய்ந்தது.

"நாலேகாலுக்கு," என்றார்.

அவள் மேஜைமேல் இருந்த திரையில் அவர் ஆட்டத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். 'வெற்றி எனக்கே' பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி தாளை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன நல்லது இருக்குன்னு கேட்டீங்கள்ல? நீங்க இதைத் தட்டாத வரைக்கும், இந்த ஆட்டத்துல மூணரை மணி ஆகாது."