ஓலையில் போட்ட சாலை

முன்னொரு காலத்தில் நெல்வாய் நாட்டை விசயகண்டன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் இட்ட கட்டளையை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவான், மற்றபடி கெட்டவனில்லை. அந்த மறதியை நம்பியே மாளிகை கட்டிக்கொண்டவர், கட்டுமான அதிகாரி தாண்டவராயர்.

திடீரென்று ஒருநாள் அரசனுக்குக் கோட்டைக்கு வெளியே புதுநகர் வேண்டுமென்று ஆசை வந்தது. ராயர் பட்டுத்துணியில் படம் வரைந்து வந்தார். அகலமான சாலை, வடிகால், தாமரைக்குளம், எல்லாம் இருந்தன, படத்தில். "மனை ஒன்று முப்பது பொன்!" என்று முரசறைந்தார்கள். எண்பது குடும்பங்கள் வாங்கின. உப்பு விற்கும் காத்தாயியும் வாங்கி, சின்னதாய் ஒரு வீடு கட்டினாள்.

குடிவந்த பிறகுதான் வரி கேட்டு ராயரின் ஆள் வந்தான். சாலைக்குப் பத்துப் பொன். வடிகாலுக்கு எட்டு. குளத்துக்கு ஐந்து. விலையை முரசில் சொன்னவர்கள் வரியை வாசலில் நின்று காதோடு சொன்னார்கள். காத்தாயி வண்டிமாட்டை விற்றாள், காதில் கிடந்த பாம்படத்தை விற்றாள். கட்டிய வரி ஒவ்வொன்றுக்கும் அரசனின் காளை முத்திரையிட்ட ஓலை மட்டும் தவறாமல் கிடைத்தது. சாலை வரவில்லை. மழைதான் வந்தது, தெருத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து மூன்று மூட்டை உப்பைக் கரைத்துக்கொண்டு போனது.

அந்த வாரமே ராயரின் ஆள் மறுபடி வந்தான். "இது காற்றோட்டமான இடம். காற்று வரி ஏழு பொன். பௌர்ணமிக்குள் கட்டாவிட்டால் வீடு பறிமுதல்!"

காத்தாயி நேரே அரசவைக்கு நடந்தாள்.

"மகாராஜா, இந்த உப்புக்காரி சாலையே இல்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறாள்" என்று ராயர் முந்திக்கொண்டார். "சாலை போட்டாயிற்று. இவளுக்குத்தான் கண் தெரியவில்லை."

அவை சிரித்தது. இங்கே அழுதால் அதற்கும் வரி போடுவார்கள் என்று காத்தாயி நினைத்துக்கொண்டாள்.

"ராயர் சொல்வது சரி, மகாராஜா. சாலை இருக்கிறது. வரி கட்டியே தள்ளிப்போன என் வீட்டுப் புதுமனைப் புகுவிழா பௌர்ணமியன்று. தாங்கள் அந்தச் சாலை வழியாகவே வரவேண்டும். நான் சாலையைக் காட்டாவிட்டால் என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராயரின் முகம் வெளுத்தது. "மழைக்காலம், அரசே..."

"நல்ல சாலைக்கு மழை என்ன செய்யும்? வருகிறேன்!" என்றான் அரசன்.

பௌர்ணமியன்று காலையிலேயே எண்பது வீட்டுக்காரர்களும் மேளத்தோடு போய், அரசன் மறந்திருந்ததை நினைவூட்டி அழைத்து வந்தார்கள். நகர் எல்லையில் பல்லக்குத் தூக்கிகள் சட்டென்று நின்றார்கள். அங்கிருந்து காத்தாயியின் வாசல்வரை, சேற்றின்மேல் இருநூற்று நாற்பது ஓலைகள் வரிசையாய்க் கிடந்தன. ஒவ்வொன்றிலும் காளை முத்திரை. முத்திரையை மிதித்தவனுக்கு ஆறு மாதம் சிறை. அந்தச் சட்டத்தை மட்டும் அரசன் மறந்ததே கிடையாது.

"என்ன இது?"

"சாலை, மகாராஜா. எண்பது வீடும் பணம் கட்டி வாங்கியது. வேறெதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. ராயர் போட்டதாயிற்றே, அவரே முன்னால் நடந்து காட்டட்டும்."

"நடவுமய்யா" என்றான் அரசன்.

ராயர் காலைத் தூக்கினார். கீழே முத்திரை. பக்கத்தில் சேறு. கொக்குபோல் நின்றார்.

"வலது காலா, இடது காலா, ராயரே?" என்றாள் காத்தாயி. "எதை வைத்தாலும் வரி உண்டு!"

ராயர் காலைச் சேற்றில் வைத்தார். முழங்கால்வரை புதைந்தார், சரிகைச் செருப்பு சேற்றோடு போயிற்று. அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவன் சிரிப்பும் நின்றது.

"ராயர் மாளிகை முற்றத்துக் கல்லெல்லாம் இங்கே வரட்டும். அவர் செலவிலேயே சாலையும் வடிகாலும் குளமும் முடியட்டும். அதுவரை ராயர் இங்கேயே குடியிருப்பார். காற்று வரி அவருக்கு மட்டும்!"

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயியிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம், மகாராஜா. இனி மனை விற்கும்போது விலையோடு வரியையும் சேர்த்து முரசறையச் சொல்லுங்கள்."

"அப்படியே ஆகட்டும்!"

காத்தாயி கும்பிட்டாள். பிறகு குனிந்து, ஓலைகளை ஒவ்வொன்றாய் எடுத்துச் சேறு துடைத்து அடுக்கத் தொடங்கினாள்.

"சாலைதான் வரப்போகிறதே, அந்த ஓலைகள் இனி எதற்கு?" என்று கேட்டான் அரசன்.

"இன்னும் மதியச் சாப்பாடு ஆகவில்லையே, மகாராஜா" என்றாள் காத்தாயி.