மந்திரியின் உலக்கையை ராஜா பிடித்த நாள்

முன்னொரு காலத்தில் குறிஞ்சூர் நாட்டை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவனா கெட்டவனா என்று கேட்டால், காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது.

அப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவந்து போட்டவர் கச்சிராயர். அரண்மனை அதிகாரி. மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"மகாராஜா, நம் மந்திரி சாத்தப்பர் உச்சிவேளையில் குளத்துப் படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஓலை எழுத ஆள், தண்ணீர் இறைக்க ஆள், நெல் குத்த ஆள், குதிரை தேய்க்க ஆள். நானோ என் செருப்பைக்கூட நானேதான் தைத்துக்கொள்கிறேன்!"

ராஜா அவர் காலைப் பார்த்தான். "அதான் அப்படி இருக்கிறதா?"

ஆனாலும் கேள்வி ஒட்டிக்கொண்டது. எல்லா வேலையையும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் மிச்ச நேரத்தில் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? சாத்தப்பரைக் கூப்பிட்டே கேட்டுவிட்டான்.

"யோசிக்கிறேன், மகாராஜா."

"எதை?"

"எது வருகிறதோ அதை."

"அதெல்லாம் ஒரு வேலையா? நான் குளிக்கும்போதே யோசித்து முடித்துவிடுகிறேன்!"

"தெரிகிறது, மகாராஜா."

சபையில் யாரோ இருமினார்கள். ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நாளை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உம் வேலை மொத்தத்தையும் நீரே செய்யும். வேறொருவர் கை பட்டால் உம் பதவி கச்சிராயருக்கு!"

மறுநாள் காலையில்தானா வர வேண்டும் பக்கத்து நாட்டுத் தூதன்? வந்து நின்றான்.

"எங்கள் அரசர் தங்களுக்கு நூறு யானைகளைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். எல்லையில் நிற்கின்றன. பொழுது சாய்வதற்குள் பதில் வேண்டும். வேண்டாம் என்றால் அவமானமாக எடுத்துக்கொள்வார்."

"வாங்கிக்கொள்வோம் மகாராஜா! யானைகளை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார் கச்சிராயர்.

ராஜாவும் தலையாட்டப் போனான். அப்புறம்தான் உறைத்தது. அந்த வருஷம் மழை இல்லை. மாட்டுக்கே வைக்கோல் கிடையாது. நூறு யானை உள்ளே வந்தால் நாட்டில் ஒரு பச்சை இலை மிஞ்சாது. வேண்டாம் என்றாலோ சண்டை. பக்கத்து நாட்டுக்காரன் அதற்குத்தான் காத்திருக்கிறான்.

பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் ராஜா மந்திரி வீட்டுக்கு ஓடினான். கொல்லையில் சாத்தப்பர் வேர்த்து ஒழுக நெல் குத்திக்கொண்டிருந்தார். ராஜா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான்.

"யோசிக்கலாம், மகாராஜா. இன்னும் ஒரு மரக்கால் நெல் பாக்கி. அப்புறம் குதிரை. சாணி வேறு அள்ள வேண்டும்."

"பொழுது சாய்ந்துவிடுமே, ஐயா!"

"ஆமாம். ஆணை தங்களுடையது."

"நகரும் அந்தப் பக்கம்!" ராஜா உலக்கையைப் பிடுங்கினான். சாத்தப்பர் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ராஜா குத்திய குத்தில் பாதி நெல் கோழிகளுக்குப் போனது.

"யோசித்தீரா?"

"குதிரை கனைக்கிறது. புல் போடவில்லையே என்ற நினைப்பு குறுக்கே வருகிறது."

ராஜா புல் போட்டான். தண்ணீர் இறைத்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துப் போயின. கடைசியில் மிச்ச நெல்லுக்காக மறுபடி உலக்கையை எடுத்தவன், அதைத் தூக்கி எறிந்தான். "நான் இங்கே நெல் குத்திக்கொண்டு நின்றால் நாட்டை யார் பார்ப்பது? நெல் குத்துகிறவர்களைக் கூப்பிடும்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

சாத்தப்பர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "போகலாம். பதில் வந்துவிட்டது."

சபையில் அவர் தூதனிடம் கேட்டார்: "பரிசை ஏற்றுக்கொண்டோம். இனி நூறும் எங்கள் யானைகள், சரிதானே?"

"சரிதான்."

"யானை வளர்ப்பதில் உங்கள் அரசரை மிஞ்ச ஆளில்லை. அதனால் அந்த வேலையை அவரிடமே விடுகிறோம். உங்கள் கொட்டிலிலேயே இருக்கட்டும். நன்றாகத் தீனி போடுங்கள், தினமும் குளிப்பாட்டுங்கள். ஒன்று மட்டும். எங்களைக் கேட்காமல் எந்தச் சண்டைக்கும் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. எங்கள் யானை, பாருங்கள்."

நிறைந்த சபையில் தூதன் சரி என்று சொல்லியாகிவிட்டது. இனி எப்படி மாற்றுவான்?

கச்சிராயர் துள்ளி எழுந்தார். "மகாராஜா, நிபந்தனை! மந்திரியின் உலக்கையில் வேறொருவர் கை பட்டிருக்கிறது! வேலியோரம் நின்று என் கண்ணால் பார்த்தேன்!"

ராஜா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். "இந்தக் கைதான். என்ன செய்யப் போகிறீர்?"

கச்சிராயர் மெல்ல உட்கார்ந்துகொண்டார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பர் கழுத்தில் போட்டான். பிறகு தூதன் பக்கம் திரும்பினான். "ஒரே ஒரு யானையை மட்டும் இங்கே விட்டுப் போம். கச்சிராயர் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்."

நான்கே நாள். பட்டு அங்கவஸ்திரத்தில் யானைச் சாணியோடு கச்சிராயர் வந்து நின்றார். "மகாராஜா... கூட ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக. ஆனால் மிச்சமாகிற நேரத்தில் நீர் யோசிக்க வேண்டும். யோசித்ததைத் தினமும் சபையில் வந்து சொல்ல வேண்டும்."

கச்சிராயர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யானையே பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.