மூக்கன் கொம்பேறிய கதை

அந்தக் காலத்தில் பாம்பு பேசினால் மனிதருக்குப் புரியும். மனிதர் அழுதால் அணிலுக்குப் புரியும். கயிறும் அப்போது இருந்தது. மாட்டைக் கட்டினார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், விறகுச் சுமையைச் சுற்றினார்கள். மரம் ஏறுவதற்குக் கயிறு உதவும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மரத்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்து, உள்ளங்காலை ஊன்றி, தவளை போல எம்பி எம்பித்தான் ஏறுவார்கள். கைக்கு அடங்கிய மரம்தான் மனிதருக்கு மரம். அடங்காத மரமெல்லாம் கிளிக்கும் குரங்குக்கும்.

மூக்கன் என்ற பாம்பும் அப்போது இன்று இருப்பது போல இருக்கவில்லை. ஒரு முழ நீளம்தான் இருக்கும். உலக்கைத் தடிமன். உடம்பெல்லாம் அடுப்புக்கரி நிறம். கூரான மூக்கு. வாயில் நஞ்சு. மரத்தின் வேரடியில் வளை தோண்டி அதில் கிடக்கும். கண்ட இடத்தில் எல்லோரும் கல்லால் அடிப்பார்கள். அதனால் அது பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

மலையடிவாரத்து ஆற்றங்கரையில் இருளப்பன் என்று ஒருவன் இருந்தான். அந்தப் பக்கத்தில் அவனைப் போல மரம் ஏறுகிறவன் கிடையாது. அவன் மனைவி மாடத்தி ஓலைப்பெட்டி முடைவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆவுடை என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது ஆற்றில் வெள்ளம் வந்தது.

அப்படி ஒரு வெள்ளத்தை அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை. விடியும் நேரத்தில் மலையிலிருந்து தண்ணீர் ஒரு சுவர் போல இறங்கியது. மாடத்தி குழந்தையைக் கடகப்பெட்டியில் கிடத்தித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். முதல் அலை முழங்காலைத் தட்டியது, இரண்டாவது அலை ஆளையே புரட்டியது. கடகம் அவள் கையைவிட்டுப் போயிற்று. இருளப்பன் ஒரு கையால் பாறையையும் மறு கையால் அவள் கூந்தலையும் பிடித்துக்கொண்டான். தண்ணீர் வடியும்வரை அவன் அந்தப் பாறையை விடவில்லை. வடிந்தபோது பாறையைப் பிடித்த உள்ளங்கையில் தோல் இல்லை.

வெயில் ஏறும்போது ஆறு பழைய படுகைக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் எல்லோரும் எதிர்க்கரை மேட்டில் ஒதுங்கியிருந்தார்கள். இந்தக் கரையில் இவர்கள் இருவர் மட்டும்தான். சேற்றில் கால் புதையப் புதையக் குழந்தையைத் தேடிக்கொண்டு போனார்கள். வழியில் ஓர் இடத்தில் மாடத்தி நின்றாள்.

"அழுகைச் சத்தம் கேக்குது" என்றாள்.

கரையோரம் ஒரு பெரிய மருத மரம் நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் அதைச் சுற்றி வளைக்க முடியும். அடியிலிருந்து முதல் கவை வரை சேறு பூசிக் கிடந்தது. தென்னை உயரத்தில்தான் அந்தக் கவை பிரிந்தது. அந்தக் கவையில், வெள்ளம் கொண்டுபோய்ச் செருகிய இடத்தில், கடகம் சாய்ந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு சிறிய கால் தெரிந்தது.

இருளப்பன் மரத்தில் பாய்ந்தான். கை பாதி மரத்தைக்கூடச் சுற்றவில்லை. ஓர் ஆள் உயரம் போனான், வழுக்கிக்கொண்டு வந்தான். மறுபடி ஏறினான். மறுபடியும் வழுக்கினான். மூன்றாவது முறை நெஞ்சில் தோல் உரிந்து, கைபட்ட இடமெல்லாம் மரத்தில் ரத்தம் ஒட்டியது.

அப்போது ஓர் அணில் கவையிலிருந்து தலைகீழாக இறங்கி வந்தது.

"பிள்ளை நல்லா இருக்கு. விரலைச் சப்புது" என்றது. "ஆனா கடகத்து அடி ஓலை பிரியுது. பிள்ளை காலை உதைக்கும்போதெல்லாம் ஒரு ஓலை விடுது. என்னால தூக்க முடியலை. குரங்குக எல்லாம் நேத்தே மலைக்குப் போயிட்டுது."

மாடத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடகத்தை முடைந்தவள் அவள்தான். அடியில் எத்தனை ஓலைதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"என் கையிலேருந்துதான் போச்சு" என்றாள். அவள் அழவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மரத்தடியில் சேறு அசைந்தது. வண்டல் மூடிய ஒரு வளைக்குள்ளிருந்து மூக்கன் தலையை நீட்டியது. இருளப்பன் பார்த்தவுடன் பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்தான்.

"அடிக்கிறதுன்னா பிறகு அடி" என்றது பாம்பு. "முதல்ல பிள்ளையை இறக்குவோம்."

"நீயா இறக்குவே?"

"நான் ஏற மாட்டேன். மரத்தைச் சுத்திக்குவேன். உன் பெண்சாதியை ஏறச் சொல்லு. உன் கனத்தை என்னால தாங்க முடியாது."

இருளப்பன் கல்லைக் கீழே போடவில்லை. "நஞ்சு வச்சிருக்கிற உன்னை நம்பி இவளை எப்படி அனுப்புவேன்? பிள்ளை பக்கத்துல உன்னை எப்படி விடுவேன்?" என்று கேட்டான்.

பாம்பு வளையைவிட்டு வெளியே வந்தது. பிறகு சேற்றில் ஊர்ந்து வந்து, குனிந்து நின்ற அவன் கையில் பிடித்திருந்த அந்தக் கல்லிலேயே வாயை வைத்துக் கடித்தது. நஞ்சு முழுவதும் இறங்கும்வரை கடித்தது. பல் இரண்டும் ஒடிந்து விழுந்தன. அதற்குப் பிறகு அந்த வாயில் நஞ்சு ஊறவே இல்லை.

இருளப்பன் கையைத் தளர்த்தினான். கல் சேற்றில் விழுந்தது.

"ஏன் இப்படிச் செஞ்சே?" என்று மாடத்தி கேட்டாள்.

"இந்த வேரடியில பதினோரு முட்டை வச்சிருந்தேன். எல்லாத்தையும் ஆறு கொண்டுபோயிட்டுது. நானும் தேடிப் பார்த்துட்டேன். உன்னுது கண்ணுக்குத் தெரியுது. எழுந்திரு" என்றது பாம்பு.

மாடத்தி எழுந்தாள். முழ நீளப் பாம்பு மரத்தை எப்படிச் சுற்றும் என்று கேட்டாள். "இழுங்க" என்றது அது. இருளப்பன் வாலைப் பிடித்தான், மாடத்தி கழுத்தடியைப் பிடித்தாள். உரிந்த உள்ளங்கையோடு அவன் இழுத்தான். பாம்பின் எலும்புகள் ஒவ்வொன்றாக நெகிழும் சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் இரண்டு முறை நிறுத்தினான். "நிறுத்தாதே, இன்னும் வேணும்" என்றது பாம்பு. உலக்கைத் தடிமன் பெருவிரல் தடிமனாயிற்று. கடைசியில் அது மரத்தையும் சுற்றி, மாடத்தியின் இடுப்பையும் சுற்றி, தன் கழுத்தால் தன் வாலையே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"இப்ப நான் சொல்றதைக் கேளு" என்றது. "மரத்தைக் கட்டிப்பிடிக்காதே. பின்னால சாயி."

"சாய்ஞ்சா விழுந்துடுவேனே."

"பயந்துபோய் மரத்தை அணைச்சா நான் தளர்ந்துடுவேன். நீ சாய்ஞ்சாத்தான் நான் இறுகுவேன். பாரம் விழுந்தா இறுக்கம், பாரம் போனா தளர்வு. அவ்வளவுதான். நீ காத்துல சாயலை, என்மேல சாயுறே."

மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். இடுப்பில் பாம்பு இறுகியது. கால் இரண்டும் மரத்தில் ஊன்றி நின்றன. அவள் விழவில்லை.

இருளப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து மரம் ஏறுகிறவன் அவன். மரத்தை விட்டு விலகிச் சாய்ந்து ஒருவர் மரத்தில் நிற்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

காலை ஊன்றி, இடுப்பை மரத்துப் பக்கம் ஓர் எக்கு எக்கினால் பாம்பு தளரும். அந்தக் கணத்தில் இரண்டு கையாலும் அதை ஒரு சாண் மேலே தள்ளிவிட வேண்டும். உடனே சாய வேண்டும். சாய்ந்த பிறகு ஓரடி எடுத்து வைக்கலாம். மரம் ஏறியே பழகாத மாடத்தி அப்படிச் சாண் சாணாக ஏறினாள். சேறு இருந்த இடத்தில் கால் வழுக்கியது. வழுக்கியபோதெல்லாம் பாம்பு இறுகிப் பிடித்தது. அதன் முதுகு மரப்பட்டையில் உரசி உரசித் தோல் கழன்றது. அது முனகவில்லை, மாடத்திதான் முனகினாள்.

பாதி உயரத்தில் ஒடிந்த கிளை ஒன்றின் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டுமானால் பாம்பு கழுத்தை அவிழ்த்துக் கட்டைக்கு மேலே போய்ச் சுற்ற வேண்டும். அந்த நேரம் அவளைப் பிடிக்க ஒன்றும் இருக்காது.

"அவிழ்க்கட்டுமா?" என்று கேட்டது.

"இரு" என்றாள் மாடத்தி. முந்தானையை உருவிக் கட்டைமேல் போட்டு, இடுப்போடு சேர்த்து முடிந்தாள். இழுத்துப் பார்த்தாள். "இப்ப அவிழு, அக்கா."

பாம்பு அவிழ்ந்து மேலே போயிற்று. அந்தச் சிறிது நேரமும் சேலை அவளைத் தாங்கியது. பாம்பு சுற்றி இறுகிய பிறகுதான் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

கவையை எட்டியபோது கடகத்தின் அடியில் மூன்றே ஓலைகள் மிச்சமிருந்தன. ஆவுடை தாயைப் பார்த்ததும் விரலை வாயிலிருந்து எடுத்து உதட்டைப் பிதுக்கினாள். மாடத்தி அவளைத் தூக்கி மார்போடு வைத்து, முந்தானையால் முதுகைச் சுற்றிக் கட்டினாள். கடகம் காலியாகக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கும்வரை பாம்பு இறுகியபடியே காத்திருந்தது.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. ஒடிந்த கட்டையிடம் வந்ததும், முந்தானையில் குழந்தை இருந்ததால், சேலையின் மறு முனையை உருவிக் கட்டையில் கட்டிக்கொண்டு தாண்டினாள். இப்போது இரண்டு பேர் பாரம். தரையைத் தொட்டதும் பாம்பு தானாக அவிழ்ந்து விழுந்தது. குழந்தையை வாங்க நீட்டிய கைகளோடு இருளப்பன் ஒரு கணம் நின்றான். பிறகு முதலில் குனிந்து பாம்பைச் சேற்றிலிருந்து தூக்கினான்.

ஏழு நாள் அவர்கள் அதை ஓலைப்பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மாடத்தி அதன் முதுகில் தினமும் வேப்பெண்ணெய் தடவினாள். புண் ஆறியது. உடம்பும் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் பழைய குட்டை உடம்பு திரும்பவில்லை, சாட்டை மாதிரியே இருந்துவிட்டது. முதுகில் கரி நிறம் போய், மருதம்பட்டை உரசிய இடம் தலையிலிருந்து வால்வரை வெண்கலம் போலப் பழுப்பாக நின்றது.

எட்டாம் நாள் இருளப்பன் கேட்டான், "உனக்கு நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஏதாவது சொல்லு. கேட்காம இருந்தா எனக்குச் சோறு இறங்காது."

பாம்பு யோசித்தது. "வளையில வண்டல் அடைச்சுக்கிடக்கு. தரையில இருந்தா இன்னும் கல்லடிதான், திருப்பிக் கடிக்கப் பல்லும் இல்லை. அந்தக் கவை நல்ல இடமா இருந்துது. அங்கேருந்து ஆறு முழுசும் தெரியுது."

இருளப்பன் கற்றாழை நாரைத் திரித்தான். மூக்கன் இழுபட்டு மரத்தைச் சுற்றியபோது எவ்வளவு நீளம் இருந்ததோ அவ்வளவு நீளம், அதே தடிமன். ஒரு முனையை மறு முனையில் இரண்டு சுற்றுச் சுற்றி, பாம்பு காட்டியபடியே முடிச்சைப் போட்டான். கூடவே ஒரு சின்னக் கயிறும் திரித்து இடுப்பில் செருகிக்கொண்டான். அது முந்தானைக்குப் பதில். ஒன்றைக் கட்டாமல் இன்னொன்றை அவிழ்க்கக் கூடாது என்பதை அவன் மாடத்தியிடம் கற்றிருந்தான்.

பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மருத மரத்தடியில் போய் நின்றான். இடுப்பில் சுற்றும் முன் கயிற்றைக் கையில் எடுத்தான். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஏறட்டுமா மதினி?" என்று கேட்டான்.

மாடத்தி அக்கா என்று அழைத்தவள் அவனுக்கு மதினிதானே. பாம்பு சிரித்ததா என்பது தெரியாது. "சாய்ஞ்சு ஏறு" என்று மட்டும் சொன்னது.

அவன் சாய்ந்து சாய்ந்து ஏறினான். கவையில் அதை இறக்கிவிட்டான். அது ஆற்றைப் பார்த்தபடி கிளையோடு கிளையாக நீண்டு படுத்துக்கொண்டது. கீழே மாடத்தி குழந்தையின் கையைப் பிடித்து மேலே காட்டிக்கொண்டிருந்தாள்.

இருளப்பனிடம் அந்த முடிச்சைக் கற்றவர்கள் நான்கு ஊருக்குக் கொண்டுபோனார்கள். கைக்கு அடங்காத மரம் என்று பிறகு ஒன்றும் இருக்கவில்லை. மூக்கன் ஆளைக் கடித்துவிட்டு மரமேறி உட்காருவது, செத்தவனை எரிக்கும் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கத்தான் என்று ஊருக்குள் சிலர் பேசுவார்கள். அவர்கள் மரம் ஏறாதவர்கள். ஏறுகிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அதன்மேல் கல்லும் எறிய மாட்டார்கள்.

தரையில் கிடந்த மூக்கன் கொம்பேறி மூக்கன் ஆனது அன்று முதல்தான். மரம் ஏறுகிறவர் எத்தனை பெரிய ஆளானாலும் கயிற்றைக் கண்ணில் ஒற்றி, மரத்தில் கை வைத்து, "ஏறட்டுமா மதினி?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் அடி வைப்பதும் அன்று தொடங்கிய வழக்கம்தான்.