சங்குமேட்டு ஜன்னலும் தும்பியின் இறகும்

பூச்சிகளும் மனிதரும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கண்ணாடிக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. நிறமெல்லாம் தும்பியிடம் இருந்தது. நாம் தட்டான் என்று கூப்பிடுகிறோமே, குளத்துக்கு மேலே நின்று நின்று பறக்கிற அதே தும்பிதான். அப்போதும் அதற்கு இறகு நாலுதான். ஆனால் நாலும் நாலு விதம். ஒன்றில் நீலமும் பச்சையும் கலந்திருக்கும். மற்றவை சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். அழகுக்கு ஏற்ற தலைக்கனமும் இருந்தது. எங்கே தண்ணீரைக் கண்டாலும் குனிந்து தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் அது நகராது.

சங்குமேடு கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு மாதா கோயில், ஒரு தர்கா, ஒரு அம்மன் கோயில், தோணிக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு கொட்டகை, அவ்வளவுதான் ஊர். அங்கே ஞானப்பூ என்று ஒருத்தி கண்ணாடி வேலை செய்தாள். கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஈயப்பட்டியால் இணைத்து, பூவும் கொடியுமாக ஜன்னல் பண்ணுவாள். அப்படி ஒரு கைவேலையை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள், நானும் நம்புகிறேன். மாதா கோயில் பீடத்துக்கு மேலே, கடல் பக்கம், இருநூற்று நாற்பது துண்டில் ஒரு பெரிய ஜன்னல் வைத்தாள்.

வைத்தாளே தவிர, ஒருவராலும் அதைப் பார்க்க முடியவில்லை. காலை வெயில் கடலில் பட்டு, வெறும் கண்ணாடி வழியாக நேரே முகத்தில் அடித்தது. பூசைக்கு வந்தவர்கள் பீடத்தைப் பார்க்காமல் தங்கள் கால்விரலைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னார்கள். ஊர்க்கூட்டம் கூடிப் பேசி, திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது என்று முடிவு செய்தது. மூன்று வருஷ உழைப்பு. ஞானப்பூவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை மீந்துபோன ஒரு கண்ணாடித் துண்டைக் கழுவி முற்றத்து வெயிலில் வைத்திருந்தாள். தும்பி வந்தது. தண்ணீர் என்று நினைத்து, முகம் பார்க்கிற ஆசையில் அதன்மேல் உட்கார்ந்தது. நீல இறகின் ஓரம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு எழுந்தபோது கண்ணாடியில் கடுகளவு நீலம் நின்றது. ஞானப்பூ துடைத்தாள், போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை. 

அவள் தும்பியிடம் வெட்கப்படாமல் கேட்டாள். ஒரே ஒரு இறகின் நிறம் போதும், மிச்சம் மூன்றும் உனக்கே இருக்கட்டும் என்றாள். தும்பி முடியாது என்றது. இவ்வளவு அழகை நீ பறக்கிற வேகத்தில் யார் பார்க்கிறார்கள், ஜன்னலில் வந்தால் ஊரே நின்று பார்க்குமே என்றாள். அந்தப் பேச்சில்தான் தும்பி விழுந்தது. புகழ்ச்சி என்றால் அதற்கு அப்படி ஒரு பலவீனம்.

மறுநாள் விடியும்போதே ஜன்னலை ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். தும்பி தன் நீலப்பச்சை இறகைக் கண்ணாடியோடு சேர்த்து விரித்து உட்கார்ந்தது. வெயில் ஏற ஏற நிறம் இறங்கியது. அம்மாம் பெரிய ஜன்னலுக்கு ஒரு பூச்சியின் இறகு எப்படிப் போதும் என்று கேட்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு சொட்டு நீலம் போதவில்லையா? நிறம் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஓடியது. ஈயப்பட்டி குறுக்கே இருந்ததால் கண்டபடி கலக்காமல், கொடிக்குப் பச்சையும் கடலுக்கு நீலமுமாகத் தன் தன் இடத்தில் போய் நின்றது. உள்ளே தரையெல்லாம் நீலமும் பச்சையும் கொட்டிக் கிடந்தன. பூசைக்கு வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் கண்ணை மூடவில்லை. செங்கல் பேச்சை அதோடு விட்டார்கள்.

ஆனால் தும்பியால் பறக்க முடியவில்லை. நிறம் போன இறகு லேசாகிவிட்டது, மற்ற மூன்றும் பழைய கனத்திலேயே இருந்தன. நேரே போக நினைத்தால் வட்டமடித்தது. தவளைகள் சிரித்தன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரட்டைவால் குருவி ஒன்று பனைமட்டையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை தும்பியின் வாலை உரசிக்கொண்டு போயிற்று. இன்னொரு நாள் தாங்காது என்று தும்பிக்குத் தெரிந்தது.

அது ஞானப்பூவிடம் வந்து அழுதது. அவள் முகம் வாடியது, ஆனாலும் ஒளிக்கவில்லை. ஈரக் கண்ணாடியில் அதே மாதிரி உட்கார்ந்தால் நிறம் திரும்ப ஏறும் என்றாள். "உன் பொருளு. நீ எடுத்துக்கிட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். கொடியேற்றத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. செங்கலும் வாசலிலேயே கிடந்தது.

விடிந்ததும் தும்பி தத்தித் தத்திக் கோயிலுக்குப் போனது. பூசை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். ஒருத்தி மட்டும் நடுவில் நின்றாள். மீன் விற்கிற திரேசம்மாள். புருஷனைக் கடலில் விட்டவள், வெள்ளைச் சேலை கட்டுகிறவள். ஜன்னல் வெளிச்சம் அவள்மேல் விழுந்து, சேலை முழுக்க நீலமும் பச்சையுமாக இருந்தது. அவள் முந்தானையை விரித்துப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன செய்கிறாய் என்று தும்பி கேட்டது. அவள் திடுக்கிட்டு முந்தானையை விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இருவது வருசமா வெள்ளைதான் கட்டுதேன். கலர்ச் சேலையத் தொட்டாலே ஊரு பேசும். இது வெயிலு கட்டிவிட்டது, யாரு என்ன சொல்ல முடியும்? தெனம் இந்த அரைமணி நேரம் எனக்கு வேணும்."

தும்பி ஜன்னலைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. தன் இறகில் இருந்தபோது அந்த நிறம் ஒருவருக்கும் உடுப்பாகவில்லை என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது. தலைக்கனம் பிடித்த பூச்சிதான், ஆனால் கல் நெஞ்சு இல்லை. கண்ணாடியில் உட்காராமலே திரும்பியது.

ஞானப்பூவிடம் போய், "யக்கா, மிச்ச மூணையும் எடுத்துக்க. ஒண்ணு மட்டும் குறைஞ்சதாலதான் பறக்க முடியல, நாலும் போனா சரியாப் போயிரும்" என்றது.  நாலு இறகின் நுனியிலும் ஒரு பொட்டு நிறம் மட்டும் வைத்துக்கொள்கிறேன், நான் யார் என்று எனக்கே மறந்துவிடக் கூடாது என்றது. அந்தப் பொட்டை நீங்கள் இன்றைக்கும் பார்க்கலாம்.

சிவப்பு தர்கா ஜன்னலுக்குப் போனது. மஞ்சள் அம்மன் கோயில் மண்டபத்துக்கு. கத்தரிப்பூ நிறத்தை எந்தச் சாமிக்கும் தராமல் தோணிக் கொட்டகைக்கு வைத்தாள் ஞானப்பூ, அங்கேதான் எல்லோரும் உட்காருவார்கள் என்று. சுமையிறக்கி வந்தவனும் கடன் கேட்டு வந்தவனும் அந்த வெளிச்சத்தில் ஒரே நிறமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரைப் போல அழகான ஊர் அந்தக் கடற்கரையிலேயே இல்லை.

நாலு இறகும் வெளிறி, கோடும் பொட்டும் மட்டும் மிஞ்சிய தும்பி அம்பு மாதிரிப் பறந்தது. நின்றது, பின்னால் போனது, சட்டென்று திரும்பியது. இரட்டைவால் குருவிக்குத் தலை சுற்றியது. ஆனால் தும்பி குளத்துப் பக்கம் போகவில்லை. தண்ணீரில் தன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மாதா கோயிலுக்கு வந்து தூணில் ஒதுங்கியது. திரேசம்மாள் கண்டுகொண்டாள்.

"நானும் இப்ப ஒன்ன மாதிரிதான், வெறும் வெள்ளை" என்றது தும்பி.

அவள் வெளிச்சத்துக்குள் கையை நீட்டினாள். "இங்கன வந்து உக்காரு" என்றாள்.

தும்பி அவள் விரலில் வந்து உட்கார்ந்து இறகை விரித்தது. நீலம் வந்து ஏறியது, பச்சை வந்து ஏறியது. முன்பு ஒரு இறகில் மட்டும் இருந்தது, இப்போது நாலிலும் இருந்தது. இரண்டு பேரும் அரைமணி நேரம் அப்படியே நின்றார்கள்.

தும்பியின் இறகு நிறமில்லாமல் கண்ணாடியாக இருப்பதும், வெயிலில் அது திரும்பும்போது ஒரு நொடி எல்லா நிறமும் அதன்மேல் வந்து போவதும் அந்தக் காலையிலிருந்துதான்.