நானூற்றுப் பன்னிரண்டு தடங்கள்

ஆவாரங்காட்டு ஏரியில் நெட்டலகி என்றொரு மயில் உள்ளான் பறவை இருந்தாள். நீண்ட அலகால் சேற்றைக் குத்திப் புழு தேடுவது உள்ளான்களின் பிழைப்பு. நெட்டலகி அதே அலகால் சேற்றில் எழுதவும் செய்வாள். நாரை வாத்தியார் நடத்திய பள்ளியில் அவள் மாணவி.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. கரைமண்ணில் யார் எதை எழுதினாலும், படித்தவர் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் தன் காலை ஒரு முறை அழுத்திவிட்டுப் போகலாம். 'நானும் உன் பக்கம்' என்று அதற்குப் பொருள். பேச வேண்டியதில்லை. நிற்க வேண்டியதில்லை. அழுத்தினால் போதும், புண்ணியம் சேர்ந்துவிடும்.

ஒரு நாள் வாத்தியார் பாடம் கொடுத்தார்.

"முப்பது நாள் கரையில எழுதணும்! ஏரிக்குப் பயன்படுற மாதிரி எழுதணும்! கடைசியில எத்தனை தடம் விழுந்திருக்குன்னு எண்ணிக்கிட்டு வா. என்ன கத்துக்கிட்டேன்னும் சொல்லு!"

முதல் வாரம் நெட்டலகி மேகத்தைப் பற்றி எழுதினாள். புழுக்களின் ருசியைப் பற்றி எழுதினாள். மொத்தம் மூன்று தடங்கள் விழுந்தன. அதில் இரண்டு அவளுடையவை.

எட்டாம் நாள் துள்ளி என்ற முயல் ஓடி வந்தாள். கரைக்குக் கீழே, வயல் பக்கத்துப் புல் மறைவில் அவள் குடியிருந்தாள். பிறந்து சில நாளே ஆன மூன்று குட்டிகள் அவளுக்கு.

"நெட்டலகி! நண்டு வளை ஒண்ணு கரையைத் துளைச்சு எங்க பக்கம் வரைக்கும் வந்துடுச்சு. ஏரித் தண்ணி கசியுது. குட்டிங்க படுக்கிற இடமே நனைஞ்சு போச்சு!"

"சபையில சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். காது கொடுத்தே கேக்கல. நாலு பன்றி சேர்ந்து களிமண்ணைத் தள்ளினா ஒரு காலை நேரத்து வேலை. நீ படிச்ச பொண்ணு. நீ வந்து சொல்லும்மா."

இருவரும் ஏரிச் சபைத் தலைவரிடம் போனார்கள். தலைவர் பெருந்தாடையார் ஒரு கூழைக்கடா. அவருடைய அலகின் கீழே பெரிய பை தொங்கும்.

"எழுத்து மூலமாகக் கொடு!" என்றார் பெருந்தாடையார்.

நெட்டலகி ஒரு தாமரை இலையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி அப்படியே தாடைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பரிசீலனையில் இருக்கிறது!" என்றார்.

"எப்பங்கய்யா முடிவு தெரியும்?"

"உரிய காலத்தில் தெரியும். அதுவரை இதை யாரும் வெளியே பேசக் கூடாது. ஏரியைப் பற்றிய சேதி சபையின் வாய்வழியாகத்தான் வர வேண்டும்!"

அந்த வாய்க்குள் போன மீன் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. சேதி மட்டும் வந்துவிடுமா?

மறுநாள் காலை பெருந்தாடையார் பாறைமேல் ஏறி அறிவித்தார். "ஏரிக்கரை என்றும் இல்லாத அளவுக்கு உறுதியாக இருக்கிறது!"

நெட்டலகிக்குக் கோபம் பொங்கியது. அது உண்மையான கோபம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நேராகக் கரைமேல் கசிவு இருக்கும் இடத்துக்கே போய் எழுதினாள்: 'இங்கே ஓட்டை. சபை பொய் சொல்கிறது. கீழே மூன்று குட்டிகள் இருக்கின்றன.'

மதியத்துக்குள் முப்பது தடங்கள்! கொக்கு அழுத்தியது. கீரி அழுத்தியது. காட்டுப்பன்றிகள் நான்கும் வரிசையாக வந்து அழுத்தின.

"அநியாயம்! அக்கிரமம்! நாங்க இருக்கோம்!" என்று உறுமிவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டன.

நான்கு பன்றிகள். அங்கேயே நின்றிருந்தன. மூக்கால் மண்ணைத் தள்ளச் சொல்லி அப்போதே கேட்டிருக்கலாம். நெட்டலகி கேட்கவில்லை. அவள் தடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் அங்கேயே எழுதினாள். அதற்கடுத்த நாளும் எழுதினாள். 'சின்னக் குட்டி இன்று தும்மியது' என்று எழுதிய நாளில் அறுபது தடங்கள் விழுந்தன. மற்ற இடத்துக் காய்ந்த மண்ணில் தடம் சரியாகப் பதியாது. இங்கே ஒவ்வொரு விரலும் அழகாகப் பதிந்தது. மண் நாளுக்கு நாள் இளகிக்கொண்டே வந்தது.

"இந்த இடத்து மண்ணு எவ்வளவு நல்லா இருக்கு!" என்று வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

மண் ஏன் இளகுகிறது என்று சேற்றிலேயே பிறந்து வளர்ந்த உள்ளானுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதை நினைக்க அவளுக்கு நேரமில்லை.

துள்ளிதான் கெஞ்சினாள். "இவ்வளவு பேர் வர்றாங்களே, யார்கிட்டயாவது மண்ணைத் தள்ளச் சொல்லேம்மா!"

"சொல்றேன்க்கா. முதல்ல எல்லாருக்கும் விஷயம் தெரியட்டும்."

"எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சே!"

"எருமைங்களுக்கு இன்னும் தெரியலக்கா."

இருபத்தொன்பதாம் நாள் நெட்டலகி பெரிய எழுத்தில் எழுதினாள்: 'நாளை காலை எல்லோரும் ஒன்றாக வாருங்கள். ஒரே நேரத்தில் காலை அழுத்துவோம். சபை நடுங்கட்டும்!'

துள்ளி பதறினாள். "எருமைக் கூட்டமுமா? கரை தாங்குமா? நான் குட்டிங்களை மேட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்."

"மேட்டுல நரி இருக்கேக்கா! ஒரு நாள் பொறுத்துக்குங்க. நாளைக்குப் பன்றிங்க நாலும் வருது. இத்தனை பேரைப் பாத்தா சபையே உத்தரவு போட்டுடும். நாளைக்கே அடைச்சிடலாம். நான் சொல்றேன்ல?"

படித்த பெண் சொல்கிறாளே என்று துள்ளி நம்பினாள். குட்டிகளை அணைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

முப்பதாம் நாள் காலை கரை நிறையக் கூட்டம். பன்றிகள், மான்கள், நரிகள், எருமைகள் எல்லாம் வந்தன. இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு வேறு!

நெட்டலகி ஒரு கல்மேல் நின்று கத்தினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு!"

எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள்.

கரை உடைந்தது.

எருமைகள் இடப்பக்கம் தாவின. மான்கள் வலப்பக்கம் தாவின. பறவைகள் பறந்துவிட்டன. ஏரி முழுவதும் புல் மறைவுக்குள் பாய்ந்தது. துள்ளி ஒரு வேலமரக் கிளையில் சிக்கி உயிரோடு கிடந்தாள். அவளிடம் ஒரு குட்டிகூட இல்லை.

பெருந்தாடையார் பறந்து வந்தார். "இந்த ஓட்டை சபையின் கவனத்துக்கு வரவே இல்லை!" என்று வாயை அகலத் திறந்து அறிவித்தார். அந்த வாயிலிருந்து காய்ந்த தாமரை இலை ஒன்று கீழே விழுந்தது. அவர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

வற்றிய ஏரியில் இப்போது எங்கு பார்த்தாலும் நல்ல ஈரச்சேறு. விலங்குகள் ஒவ்வொன்றாகத் துள்ளியின் முன்னே வந்தன. தலை குனிந்து, ஒரு காலை அழுத்தி, துக்கம் தெரிவித்துவிட்டுப் போயின. பன்றிகளும் வந்தன.

நாரை வாத்தியார் நெட்டலகியைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

"முப்பது நாள் முடிஞ்சுதே! மொத்தம் எத்தனை தடம்?"

கரை போன பிறகும் எண்ணிக்கை மட்டும் நெட்டலகியின் நாக்கில் தயாராக இருந்தது. "நானூத்திப் பன்னிரண்டுங்க ஐயா."

"அடேயப்பா! இதுவரைக்கும் யாரும் இவ்வளவு வாங்கினதில்ல! உனக்குத்தான் முதலிடம்!" என்றார் வாத்தியார். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்க அவர் மறந்துவிட்டார்.

துள்ளி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"நானூத்திப் பன்னிரண்டு காலு வந்துச்சாம்மா?"

நெட்டலகி தன் அலகைச் சேற்றில் செருகிக்கொண்டாள்.

"நாலு பன்றி போதும்னு அன்னைக்கே சொன்னேனேம்மா," என்றாள் துள்ளி.

ஆபத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதாலேயே தன் கடமை முடிந்தது என்று நினைப்பவர், அந்த ஆபத்துக்கே ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்.