கரி பூசிய முகம்

முன்னொரு காலத்தில், அரசர்கள் கூத்துப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்ட நாளில், கரிமூட்டம் போடும் மொக்கையன் முறிந்த வலது மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அரசவையில் நின்றான். வலியில் வியர்த்தது. வியர்வையில் முகத்துக் கரி கரைந்து கழுத்துவரை வழிந்தது.

முந்தைய வாரம் கூத்துப் பார்த்த அரசன், “இனி என் நாட்டு வழக்குகள் கூத்தில் வருவது போலவே நடக்கட்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்று ஆணையிட்டிருந்தான். கூத்தில் கள்ளன் முகத்தில் கரி பூசியிருப்பான். ராணியின் சிலம்பு காணாமல் போனதும் காவலர்கள் சந்தையில் கரி பூசிய முகத்தைத் தேடினார்கள். அகப்பட்டவன் மொக்கையன். ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்ததில்தான் கை முறிந்தது.

“சாமி, நான் கரி சுடுறவன். எம் மூஞ்சி எப்பவும் இப்படித்தான்!”

“கூத்துக் கள்ளனும் இப்படித்தான் மழுப்பினான்” என்றார் தளவாய் தாண்டவராயர். அரசவைக் கோமாளியான விகடன் சடையப்பன் அரசனோடு சிரித்துப் பேசுவதே அவருக்கு ஆகாது. “மகாராஜா, கூத்தில் கள்ளன் தலையை வெட்டுபவன் கோமாளி. ஆகவே விகடனே வெட்டட்டும். மறுத்தால் அவனும் ராஜத் துரோகி.”

சடையப்பன் வாளை வாங்கினான். மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டான்.

“வெட்டுகிறேன், மகாராஜா. ஆனால் அன்று கூத்தில் வெட்டுப்பட்ட கள்ளன் விடிந்ததும் எழுந்து முகம் கழுவி வந்தானே? தாங்கள்கூட இலை போட்டுச் சோறு வைக்கச் சொன்னீர்களே? இவனும் எழுந்து வந்து சாப்பிட வேண்டும். குறையக் கூடாது என்பது தங்கள் ஆணை. எழுந்து வருவான் என்று தளவாய் தம் தலையைப் பிணை வைக்கட்டும்.”

“செத்தவன் எப்படியடா வருவான்?” என்றார் தளவாய்.

“அது தெரிந்துதான் வெட்டச் சொன்னீரா, தளவாயாரே?”

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆணையைத் திரும்பப் பெற்றான். முத்துமாலையைக் கழற்றிச் சடையப்பனுக்குப் போட்டான். “கள்ளன் முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்!”

செம்பில் தண்ணீர் வந்தது. மொக்கையன் இடது கையாலேயே அள்ளிக் கழுவினான். பாதிக் கரி போகவே இல்லை.

“ஐயா, கை எப்ப நேராவும்? நாளைக்கு மூட்டம் பிரிக்கணும். விட்டா அத்தனையும் சாம்பலாயிரும்.”

“கூத்தாக இருந்தால் வேஷம் கலைத்ததுமே நேராகியிருக்கும், அப்பா” என்றான் சடையப்பன். முத்துமாலை அவன் கழுத்தில் கனத்தது.

அரசன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிலம்பு கடைசிவரை கிடைக்கவில்லை. மொக்கையனின் கை கூடவும் இல்லை. அந்த அரசன் அவனுக்கு ஒரு வலது கை தர வேண்டும். இன்னும் தரவில்லை.