ரெஜினா பேசும்வரை

ஜெசிந்தா டீச்சரிடம் புரோகிராமிங் படித்தவர்களில் அருளப்பன் ஒருவர்தான் டீச்சரைவிட வயதில் மூத்தவர். ஐஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். படித்ததை வைத்து ஊருக்காக ஒரு வெப்சைட் செய்திருந்தார். படகின் பெயரை அடித்தால், அது எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும்.

புயல் அடித்த மறுநாள் காலை ஊரே அதைத் திறந்தது. வெப்சைட் படுத்துவிட்டது.

அருளப்பன் லேப்டாப்போடு ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இனி கனெக்‌ஷன் தர முடியாதுன்னு டேட்டாபேஸ் சொல்லுது டீச்சர்.”

டீச்சர் அவர் எழுதியிருந்த புரோகிராமைப் பார்த்தார். ஒரு கிளாஸ், அதற்குள் மூன்று மெத்தட். படகைத் தேட ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. மூன்றும் டேட்டாபேஸுக்குத் தனித்தனியாகக் கனெக்‌ஷன் திறந்தன. திறந்தது திறந்தபடியே கிடந்தது.

“அவனவன் தேவைக்கு அவனவன் திறக்கான். அதுல என்ன தப்பு?” என்றார் அருளப்பன்.

“லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வாங்கண்ணே.”

பங்குக் கோயில் மண்டபத்தில், ஒரே படகில் போனவர்களின் மனைவிமார் நின்றிருந்தார்கள். படகு வடக்கே எங்கோ கரையேறிவிட்டதாகத் தகவல். எல்லோரும் கரையேறினார்களா என்பதுதான் தெரியவில்லை. அங்கே கரையேறியவர்களிடம் இருந்தது ஒரே ஒரு செல்போன். அந்த நம்பரை இங்கே ஆளுக்கொரு போனில் அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பிஸி.

“எல்லாரும் போனை வையுங்க” என்றார் டீச்சர். தன் போனில் அடித்தார். கிடைத்தது. முதல் பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் பேசிவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள்.

அருளப்பன் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

“புரிஞ்சிட்டு டீச்சர். ஒரு தடவை திறந்து, மூணு மெத்தட் கையிலயும் அதையே குடுக்கணும்.”

எழுதினார். பழைய தப்பு மனதை உறுத்தியதால் இன்னொன்றும் சேர்த்தார். ஒவ்வொரு மெத்தடும் தன் வேலை முடிந்ததும் கனெக்‌ஷனை மூடிவிடும்.

“இனி ஒருத்தனும் திறந்து போட்டுட்டுப் போக மாட்டான்.”

டீச்சரின் கண் கைமாறும் போனில் இருந்தது.

போன் ஸ்டெல்லாவிடம் வந்தது. புருஷனின் குரலைக் கேட்டதும் அவள் உடைந்து அழுதாள். “வந்து சேருங்க” என்றாள். கட் செய்தாள்.

அடுத்து நின்ற ரெஜினாவின் கை நீட்டியபடியே இருந்தது.

டீச்சர் மறுபடி அடித்தார். சுவிட்ச் ஆஃப்.

“ஏம்மா கட் பண்ணுன?” அருளப்பன் கத்திவிட்டார்.

“நான் பேசி முடிச்சிட்டேனே அண்ணே.”

அருளப்பன் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தார். ஒவ்வொரு மெத்தடிலும் மூடச் சொல்லும் கடைசி வரியை அழித்தார்.

“அப்போ யாருதான் மூடணும் டீச்சர்?”

டீச்சர் நம்பரை அடித்துக்கொண்டே இருந்தார். ரெஜினா அழவில்லை. தூணில் சாய்ந்து டீச்சரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் அருளப்பனால் முடியவில்லை.

மதியத்துக்கு மேல் ரிங் போனது.

ரெஜினா போனை வாங்கி, புருஷன் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு, “ரெஜி” என்றது ஒரு குரல்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேசி முடித்ததும் போனைக் கட் செய்யாமல், அடித்துக் கொடுத்த டீச்சரிடமே நீட்டினாள்.

“எல்லாரும் பேசியாச்சுல்லா? மூடிரலாமா டீச்சர்?” என்றார் அருளப்பன்.

டீச்சர் போனைக் கையில் வைத்தபடி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னும் யாராவது பேசணுமா?”